விலை ஏறவில்லை என்கிறார்கள், வீட்டுச் செலவு ஏன் இறங்கவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

விலைவாசி, பணவீக்கம் பற்றிச் சென்னையிலிருந்தும் புறநகரிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

பெரம்பூர் வாசகி: 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் மாத பில் பத்து ரூபாய்கூட இறங்கவில்லையே. அந்தக் கணக்கு யாருக்கானது?

செய்தியில் வந்த எண்ணும் சரி, உங்கள் பில்லும் சரி. பணவீக்கம் சொல்வது, ஓராண்டுக்கு முன் இதே மாதம் இருந்த விலையைவிட இப்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான். பையன் இந்த வருடம் வளரவில்லை என்றால் போன வருட உயரத்திலேயே நிற்கிறான் என்று பொருள். குட்டையாகிவிட்டான் என்று யாரும் நினைப்பதில்லை.

எண்களோடு பாருங்கள். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2012-ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்து நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணக்கிட்டு வந்தது. 2023 அக்டோபரில் அது 185.3. 2024 அக்டோபரில் 196.8. 2025 அக்டோபரில் 197.3. முதல் ஆண்டில் 11.5 புள்ளி ஏறியது, அதுதான் 6.21 சதவீதப் பணவீக்கம். அடுத்த ஆண்டில் அரைப் புள்ளி மட்டும் ஏறியது. அதுதான் நீங்கள் படித்த 0.25. முதல் ஆண்டில் ஏறியது எதுவும் திரும்பி இறங்கவில்லை. 2012-ல் 100 ரூபாய்க்கு வாங்கியதற்கு 2025 அக்டோபரில் 197 ரூபாய் கொடுத்தோம்.

காய்கறியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2025 அக்டோபரில் காய்கறி விலை 27.57 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். கேட்டால் பெரிய சரிவு. ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரில் 42.18 சதவீதம் ஏறியிருந்தது. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய காய்கறி, 2024-ல் 142 ரூபாய் ஆகி, 2025-ல் 103 ரூபாய்க்கு வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இன்னும் 3 ரூபாய் அதிகம்தான். போன வருட எண் தாறுமாறாக இருந்தால் இந்த வருடச் சதவீதமும் தாறுமாறாகத்தான் வரும். இதைப் பொருளாதாரத்தில் அடிப்படை விளைவு என்பார்கள். அதனால் எந்த மாதத்தின் சதவீதத்தைப் படித்தாலும், போன வருடம் அதே மாதம் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் 185.3-லிருந்து 197.3, அதாவது ஆண்டுக்கு சராசரி 3.2 சதவீதம். நம் கைக்குத் தெரியும் விலைவாசிக்கு இதுதான் நெருக்கமான எண்.

இன்னொன்று, குறைந்த பொருள்களும் ஏறிய பொருள்களும் ஒன்றல்ல. அந்த அக்டோபரில் பருப்பு வகை ஓராண்டில் 16 சதவீதம் இறங்கியிருந்தது. எண்ணெய், கொழுப்பு வகை 11 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. தேங்காயும் தேங்காய் எண்ணெயும் 2025-ல் ஏறிய ஏற்றத்தை நம் சமையலறைகள் நன்றாக அறியும். நாடு முழுக்கப் பணவீக்கம் கால் சதவீதமாக இருந்தபோது கேரளத்தில் அது 8 சதவீதத்தைத் தாண்டியதற்குத் தேங்காய் எண்ணெயும் தங்கமும் முக்கியக் காரணம்.

ஓட்டல் சாப்பாட்டையும் மறக்க வேண்டாம். உளுந்து விலை ஏறினால் இட்லி விலை ஏறும். உளுந்து இறங்கினால் இட்லி இறங்காது. அந்த விலைக்குள் கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், வணிக சிலிண்டர் எல்லாம் இருக்கின்றன. வாடகையும் சம்பளமும் இறங்குவதே அபூர்வம்.

வேளச்சேரி வாசகர்: எங்கள் வீட்டுக்கென்று பணவீக்கத்தைக் கணக்குப் போட முடியுமா? மனைவியும் நானும் மூன்று மாதமாக நோட்டில் செலவு எழுதுகிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரு எண் வருகிறது, நம்ப முடியவில்லை.

முடியும். நோட்டு, பேனா, பழைய பில்கள் போதும். நீங்கள் செலவை எழுதுகிறீர்கள். எழுத வேண்டியது விலையை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீட்டுக் கணக்குகள் தடம் மாறுகின்றன. ஊரிலிருந்து உறவினர் வந்து ஒரு வாரம் தங்கினால் செலவு கூடும். அது பணவீக்கம் இல்லை. வாங்கும் அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு விலை மாற்றத்தை மட்டும் அளக்க வேண்டும்.

முதலில் ஒரு ஆண்டின் மொத்தச் செலவைத் தலைப்புவாரியாகப் பிரித்து 12-ஆல் வகுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், சொத்து வரி, தீபாவளித் துணி இவையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருபவை. கட்டிய மாதத்தில் மட்டும் எழுதினால் ஜூன் மாதம் பணவீக்கம் வானத்தில் இருக்கும், ஜூலையில் பாதாளத்தில் இருக்கும். உங்களுக்கு மாதாமாதம் நம்ப முடியாத எண் வருவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

அடுத்து, ஒவ்வொரு தலைப்பிலும் அடிக்கடி வாங்கும் ஐந்தாறு பொருளைத் தேர்ந்தெடுத்து, ஒரே கடை, ஒரே பிராண்டு, ஒரே அளவு என்று நிறுத்துங்கள். கோயம்பேட்டில் ஒரு மாதமும் வீட்டு வாசல் தள்ளுவண்டியில் அடுத்த மாதமும் வெங்காயம் வாங்கிவிட்டு விலையை ஒப்பிட்டால், கடை வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள். காய்கறி விலையை மாதத்தில் நான்கு முறை, ஒரே கிழமையில் குறித்து சராசரி எடுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் பூ, பழ விலையைக் குறிக்கவே வேண்டாம்.

விலையை எப்போதும் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாற்றி எழுதுங்கள். 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் 100 கிராமிலிருந்து 85 கிராம் ஆனால் விலை அப்படியே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் கிராம் விலை 17.6 சதவீதம் ஏறிவிட்டது. சமையல் எண்ணெயில் இது அதிகம் நடக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். அதே உயரமுள்ள கவரில் 850 கிராம், 800 கிராம் என்று பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். பொட்டலச் சரக்கில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டம். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். நோட்டில் ஏற வேண்டியது அந்த எண்.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு மாதம் 40,000 ரூபாய் செலவு செய்யும் குடும்பம் என்று வையுங்கள். வாடகை 14,000. மளிகை, பால், காய்கறி எல்லாம் சேர்த்து 13,000. பள்ளிக் கட்டணம் மாதத்துக்கு 5,000. பெட்ரோல், பஸ், ரயில் 3,000. மின்சாரம், காஸ், போன் 3,000. மருந்து 2,000. ஓராண்டில் வாடகை 7 சதவீதம் ஏறினால் 980 ரூபாய் கூடுதல். உணவு 1 சதவீதம் என்றால் 130. பள்ளி 10 சதவீதம் என்றால் 500. போக்குவரத்தில் மாற்றமில்லை. மின்சாரம், காஸ், போன் 4 சதவீதம் என்றால் 120. மருந்து 5 சதவீதம் என்றால் 100. கூட்டினால் 1,830. இதை 40,000-ஆல் வகுத்தால் 4.6 சதவீதம். உணவு விலை கிட்டத்தட்ட அசையாத ஆண்டிலும் இந்தக் குடும்பத்துக்குப் பணவீக்கம் 4.6. கூடுதல் 1,830-ல் 1,480 ரூபாய் வாடகையும் பள்ளியும் தின்றது. எங்கே சிக்கனம் பிடிக்க முடியும், எங்கே முடியாது என்பது இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். தக்காளியில் மிச்சம் பிடிக்கும் வீடுகள் பல, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேரம் பேசத் தயங்குகின்றன.

சேர்க்கக் கூடாதவை சில. வீட்டுக்கடன் இ.எம்.ஐ., சீட்டுப் பணம், நகை வாங்கியது ஆகியவை கடனும் சேமிப்பும்; விலைக் கணக்கில் வராது. மகளிருக்குக் கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்தில் போனால் அந்தப் பயணத்துக்கு ரூபாய்ப் பங்கு பூஜ்யம்.

மின் கட்டணத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமின்றிக் கீழ்ப் படியிலும் சலுகை விலை போய்விடும். மே மாதம் ஏ.சி. ஓடியதால் பில் எகிறினால் அது உங்கள் பயன்பாடு கூடியதன் விளைவு. விலை ஏறியதா என்று பார்க்க, இரண்டு ஆண்டிலும் 400 யூனிட் என்று வைத்து அந்தந்த ஆண்டுக் கட்டண விகிதத்தில் கணக்கிடுங்கள். காஸில் இந்தத் தொல்லை இல்லை. 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டு சிலிண்டர் 818.50-லிருந்து 868.50 ஆனது, 6.1 சதவீதம், நேர்க்கணக்கு.

ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தோடு அதே மாதத்தை ஒப்பிட்டால் போதும். மாதாமாதம் போட வேண்டியதில்லை.

மடிப்பாக்கம் வாசகர்: எங்கள் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை மளமளவென்று ஏறியிருக்கிறது. அரசுக் கணக்கில் வீட்டு வாடகை 3 சதவீதம்தான் ஏறியது என்கிறார்கள். எப்படி?

நீங்கள் பார்ப்பது காலியாக இருக்கும் வீட்டுக்குப் புதிதாகக் கேட்கும் வாடகை. அரசு அளப்பது, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் வாடகையையும் சேர்த்த சராசரி. ஒரே வீட்டில் எட்டு வருடமாக இருந்து, 11 மாத ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் 5 சதவீதம் கூட்டிப் புதுப்பிப்பவர்கள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள். அவர்களே எண்ணிக்கையில் அதிகம். தேர்ந்தெடுத்த வீடுகளின் வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்டார்கள் என்பதால் ஏற்றம் கணக்கில் தெரியவும் தாமதமானது. சந்தையில் இன்று ஏறியது குறியீட்டெண்ணில் முழுதாகத் தெரிய ஓரிரு ஆண்டு பிடிக்கும்.

2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த பழைய தொடரில், நகரக் குறியீட்டெண்ணில் வீட்டு வாடகையின் பங்கு 21.67 சதவீதம். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது 30, 35 என்று போவது சாதாரணம். அதனால் வாடகைதாரருக்கு அரசு எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே தோன்றும். சொந்த வீட்டுக்காரருக்கு அப்படித் தோன்றாது.

மயிலாப்பூர் வாசகி: 2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனது. 13 சதவீதம் விலை குறைய வேண்டும் அல்லவா? கடையில் 11 சதவீதம்தான் குறைத்தார்கள். ஏமாற்றுகிறார்களா?

இந்தக் கணக்கில் கடைக்காரர் சரி. எம்.ஆர்.பி. என்பது வரியும் சேர்ந்த விலை. வரி இல்லாமல் 100 ரூபாயாக இருந்த பொருள் 18 சதவீத வரியோடு 118 ரூபாய்; 5 சதவீத வரியோடு 105 ரூபாய். 118-லிருந்து 13 ரூபாய் குறைந்தால் அது 11 சதவீதம். இதேபோல் 12-லிருந்து 5-க்கு வந்த வெண்ணெய், நெய் 6.25 சதவீதம் குறைய வேண்டும். 28-லிருந்து 18-க்கு வந்த ஏ.சி., சிமென்ட் 7.8 சதவீதம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத வரி முழுதாக நீங்கியதால் பிரீமியம் 15.25 சதவீதம் குறைய வேண்டும். ஆனால் புதுப்பிக்கும்போது வயதுப் பிரிவு மாறினால் நிறுவனம் அடிப்படைப் பிரீமியத்தையே ஏற்றும். ரசீதில் வரிக்கு முந்தைய தொகையைப் போன வருடத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அளவுகூடக் குறைக்காத கடை என்றால் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். பில் இல்லாமல் புகார் நிற்காது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரிக் குறைப்பு பணவீக்க எண்ணை ஓராண்டுக்கு மட்டும்தான் கீழே இழுக்கும். 2026 அக்டோபரில் ஒப்பிடப்படும் 2025 அக்டோபர் விலையும் குறைந்த வரியோடு இருக்கும் விலைதான். அப்போது கடையில் எதுவும் ஏறாவிட்டாலும் சதவீதம் ஏறியதுபோல் தெரியும்.

வில்லிவாக்கம் வாசகர் (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): 2025-ல் பணவீக்கம் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தபோது அகவிலைப்படி எப்படி 55-லிருந்து 58 ஆனது? இனி நின்றுவிடுமா?

அகவிலைப்படிக்கு வேறொரு குறியீட்டெண். தொழில் துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தொழிலாளர் பணியகம் தனியாக வெளியிடுகிறது. நாடு முழுக்க 88 மையங்களில் விலை எடுக்கிறார்கள், சென்னையும் ஒன்று. அடிப்படை ஆண்டு 2016.

கணக்கு இப்படி: கடந்த 12 மாதக் குறியீட்டெண்ணின் சராசரியை 2.88-ஆல் பெருக்குங்கள். வருவதிலிருந்து 261.42-ஐக் கழியுங்கள். மீதியை 261.42-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பின்னத்தை விட்டுவிடுங்கள். சராசரி 144 என்று வைத்தால், 144 × 2.88 = 414.72. கழித்தால் 153.30. வகுத்துப் பெருக்கினால் 58.64. கிடைக்கும் அகவிலைப்படி 58. ஜனவரி தவணைக்கு டிசம்பர் வரையான 12 மாதமும், ஜூலை தவணைக்கு ஜூன் வரையான 12 மாதமும் எடுப்பார்கள். சராசரி ஒரு புள்ளி ஏறினால் அகவிலைப்படி ஏறக்குறைய 1.1 சதவீதம் ஏறும் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

12 மாதச் சராசரி என்பதால் விலை ஏறி நின்ற பிறகும் படி சில மாதம் ஏறிக்கொண்டே வரும். 2024-ன் பிற்பாதியில் ஏறிய விலைதான் உங்களுக்கு 2025-ல் பணமாக வந்தது. பணவீக்கம் குறைவாக நீடித்தால் அடுத்தடுத்த தவணைகள் சிறிதாகும்; கொடுத்த படி குறையாது. ஓய்வூதியருக்கு இதே சதவீதம் அகவிலை நிவாரணமாக வரும். எட்டாவது ஊதியக்குழுவின் பரிந்துரை நடைமுறைக்கு வரும்போது இந்த 261.42 என்ற எண் மாறும்.

நங்கநல்லூர் வாசகர் (வயது 67): வங்கி வைப்பு வட்டியில் காலம் தள்ளுகிறேன். பணவீக்கம் குறைந்தது எனக்கு நல்லதா, கெட்டதா?

கைக்கு வரும் வட்டியிலிருந்து முதலில் வரியைக் கழியுங்கள், பிறகு பணவீக்கத்தை. 7 சதவீத வட்டி, 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸும் போக 5.54 சதவீதம்தான். வீட்டுப் பணவீக்கம் 4.6 என்றால் உண்மை ஆதாயம் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. வரியே இல்லாதவருக்கு 2.4 சதவீதம் நிற்கும்.

பணவீக்கம் தணிந்ததால் ரிசர்வ் வங்கி 2025-ல் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) 6.5-லிருந்து படிப்படியாக 5.25 ஆக்கியது. கடன் வாங்கியவருக்கு இ.எம்.ஐ. இறங்கியது, புதிய வைப்புக்கு வட்டியும் இறங்கியது. உங்கள் பழைய வைப்பு முதிரும் தேதிதான் இதில் முக்கியம். மொத்தத்தையும் ஒரே தேதியில் முதிரும்படி போட்டிருந்தால், வட்டி அடிமட்டத்தில் இருக்கும் நாளில் எல்லாம் திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டு என்று பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் இருந்தபோது 30 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும், ஐந்து ஆண்டும் அதே தொகை. நல்ல திட்டம்தான். ஆனால் ஆண்டுக்கு 4.5 சதவீதம் விலை ஏறினால், ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த 61,500 இன்றைய 49,350 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்கும். வரும் வட்டி முழுவதையும் செலவழிக்காமல், முதல் ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்காவது திரும்பப் போட்டு வையுங்கள். இதை நாங்கள் வற்புறுத்தியே சொல்கிறோம். இன்று மாதம் 30,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு, 5 சதவீத ஏற்றத்தில் 15 ஆண்டு கழித்து 62,400 வேண்டும். 67 வயதில் 15 ஆண்டு என்பது நீண்ட காலமே இல்லை.

கோயம்பேடு வாசகர்: தக்காளி விலை ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றுமா? வட்டியை ஏற்றினால் தக்காளி விலை இறங்குமா?

இறங்காது. கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி பக்கம் மழையோ வைரஸ் நோயோ வந்து லாரி வரத்து குறைந்தால் விலை ஏறும். அடுத்த நடவு மூன்று மாதத்தில் காய்க்கும்போது தானே இறங்கும். 2023 ஜூலையில் தமிழக அரசு நியாயவிலைக் கடையில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிவந்தது. அந்த மாதம் நாட்டின் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனது. ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5-லேயே வைத்திருந்தது. பழைய தொடரில் தக்காளியின் பங்கு 0.57 சதவீதம்தான். விலை இரட்டித்தால் அது மட்டுமே பணவீக்கத்தில் 0.57 புள்ளியைக் கூட்டும். சிறிய பொருளுக்குப் பெரிய ஆட்டம்.

ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம். இரண்டு புள்ளி மேலே, கீழே போகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டு 6-க்கு மேலேயோ 2-க்குக் கீழேயோ இருந்தால் அரசுக்கு எழுத்துபூர்வமாக விளக்கம் தர வேண்டும். 2022-ல் 6-ஐத் தாண்டியதற்குத் தந்தது. வட்டியைத் தீர்மானிக்கும்போது உணவையும் எரிபொருளையும் நீக்கிய மூலப் பணவீக்கத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். காய்கறி ஏற்றம் ஓட்டல் விலைக்கும் கூலிக்கும் பரவத் தொடங்கினால்தான் வட்டிக்கு வேலை.

தியாகராய நகர் வாசகி: தங்கம் சவரன் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதும் பணவீக்கத்தில் சேருமா?

சேரும். வீட்டுக் கணக்கில் அதைச் சேமிப்பாக வைக்கச் சொன்னோம். அரசுக் கணக்கில் நகை, சொந்த உபயோகப் பொருள்களில் வருகிறது. பழைய தொடரில் அதன் பங்கு 1.08 சதவீதம். 50 சதவீதம் ஏறினால் பணவீக்கத்தில் அரைப் புள்ளிக்குச் சற்று மேல் கூடும். 2025-ல் மூலப் பணவீக்கம் 4-ஐ ஒட்டி நின்றதில் தங்கத்தின் கை பெரிது. நகை வாங்காத வீட்டுக்கு அந்தப் பகுதி பொருந்தாது.

அண்ணா நகர் வாசகர் (போட்டித் தேர்வு மாணவர்): அடிப்படை ஆண்டு 2024 ஆகிவிட்டதாமே. பழைய எண்களை என்ன செய்வது?

2026 பிப்ரவரி 12 அன்று புதிய தொடர் வெளியானது. அடிப்படை ஆண்டு 2024. 2011-12 செலவு ஆய்வுக்குப் பதில் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி பங்குகளை மாற்றியிருக்கிறார்கள். உணவு, பானங்களின் பங்கு 45.86-லிருந்து 37-ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர் போன்றவை போய், ஓடிடி சந்தா போன்றவை வந்துள்ளன. கிராமப்புற வீட்டு வாடகையும் முதல்முறையாகச் சேர்ந்திருக்கிறது. உணவின் பங்கு குறைந்ததால் இனி வெங்காயம், தக்காளி எண்ணை முன்புபோல் உலுக்காது; வாடகை, கல்வி, மருத்துவம் போன்ற சேவைகளின் அசைவு கூடுதலாகத் தெரியும்.

பழைய 197-ஐயும் புதிய 100-ஐ ஒட்டிய எண்ணையும் நேராக ஒப்பிடாதீர்கள். அமைச்சகம் தந்திருக்கும் இணைப்புக் காரணியால் பெருக்கித்தான் ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ 'நுகர்வோர் விலைக் குறியீட்டெண்படி உயர்த்தப்படும்' என்று எழுதியிருந்தால், எந்தக் குறியீட்டெண், எந்த அடிப்படை ஆண்டு, நகர எண்ணா, நகரமும் கிராமமும் சேர்ந்த ஒருங்கிணைந்த எண்ணா என்ற மூன்றையும் இப்போதே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். மொத்த விலைக் குறியீட்டெண்ணை அதில் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மாதம் 14-ஆம் தேதி வாக்கில் வரும் வேறு எண்; அதில் சேவைகளும் வாடகையும் கிடையாது, உற்பத்திப் பொருள்களின் பங்கு மட்டும் 64 சதவீதம்.